மூன்றாவது மாற்றம்

மூன்று பேரை மாற்றியிருக்கிறார்கள். முதல் மாற்றம் சரி. அதைப் போன மாதமே செய்திருக்க வேண்டும், கோலியை மாற்று, கோலியை மாற்று என்று தொண்டை வற்றக் கத்தினேன், கோல் காக்கிற அவனுக்கு வலது கால் பக்கம் வருகிற பந்து கண்ணிலேயே படுவதில்லை, ஐந்து ஆட்டத்தில் பதினாலு கோல் வாங்கியிருக்கிறோம், அதில் ஒன்பது அந்தப் பக்கமாகப் போனது, சும்மா சொல்லவில்லை, விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். இரண்டாவது மாற்றம் தப்பு. செல்வின் என்கிற பையன், சென்டர் ஹாஃப், மைதானத்து நடுவில் நின்று இரண்டு பக்கமும் பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவன் அவன் ஒருத்தன்தான், அவனைக் கொண்டுபோய் முன்வரிசையில் லெஃப்ட் இன்னாகப் போட்டிருக்கிறார்கள், நடுத்தூணை உருவி வாசலில் நட்ட மாதிரி. மூன்றாவது மாற்றம். மூன்றாவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தண்ணீர் பீய்ச்சி முடித்துவிட்டார்கள். செயற்கைப் புல் நனைந்து சாயங்கால வெயிலில் பளபளவென்று கிடக்கிறது, அந்த ஈர ரப்பர் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு உடம்பு தானாக நிமிர்ந்துவிடும், இன்றைக்கு நிமிரவில்லை. கோவில்பட்டியில் ஹாக்கி பார்க்காதவன் கிடையாது, ஆனால் உதயம் ஹாக்கி கிளப்பின் ஒரு ஆட்டத்தைக்கூட விடாமல் பார்த்தவன் ஞானதுரை ஒருத்தன்தான் என்று ஊரில் சொல்வார்கள், அது நான்தான். மில்லில் ஃபிட்டராக இருந்தபோது ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், ரிட்டயர் ஆன இந்த ஐந்து வருஷமாக மாற்றிக்கொள்ள ஷிப்டும் இல்லை. காலரியில் நாலாவது படி, கோல் போஸ்டுக்குச் சற்றுத் தள்ளி, இது என் இடம். இங்கிருந்து நான் போடுகிற சத்தம் எதிர் கோலிக்குக் கேட்கும். யார் எங்கே ஆட வேண்டும், யாரைத் தூக்க வேண்டும் என்று இங்கே உட்கார்ந்துதான் சொல்வேன், பாதி நடக்கும், பாதி நடக்காது. இன்றைக்கு ஜெயிக்காவிட்டால் உதயம் முதல் டிவிஷனை விட்டுக் கீழே இறங்கிவிடும். நாற்பத்தோரு வருஷத்தில் இறங்கியதில்லை.

பக்கத்தில் சுடலைமுத்து, தபால் ஆபீஸில் இருந்தவர், என்னைப் போலவே ரிட்டயர் ஆனவர், வழக்கம்போல வாயில் வெற்றிலையோடு என் பக்கம் சாய்ந்து, “என்ன அண்ணாச்சி, லிஸ்ட்டப் பாத்தியளா? எபியத் தூக்கிட்டானுவளே” என்கிறார். “பாத்தேன்” என்கிறேன். “பாத்தேன்னு சொல்லுதிய. நீங்க மகாராஜங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியா? பெத்த தகப்பன். அதுவும் ஒங்க வாய்க்கு.” நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்கிறேன், தாகம் இல்லை. மகாராஜன்தான் எங்கள் கோச். நேற்று சாயங்காலம் அவன்தான் எனக்குப் போன் பண்ணினான், இவருக்கு அது தெரியாது, யாருக்கும் தெரியாது. அண்ணாச்சி, நாளைக்கு ரைட் பேக் யாரப் போடலாம், மனசுல உள்ளத மறைக்காமச் சொல்லுங்க என்றான். நான் சொன்னேன். மாத்திரு என்றேன். அவ்வளவுதான், ஒரே வார்த்தை. முப்பது வருஷமாக எத்தனையோ பேரைப் பற்றி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன், அவர்களுக்கும் தகப்பன் இருந்திருப்பான், அவனும் எங்கேயாவது ஒரு படியில் உட்கார்ந்திருப்பான், அப்போதெல்லாம் எனக்கு அது தோன்றியதே இல்லை. விசில் ஊதிவிட்டார்கள். எதிரணி எட்டயபுரத்துக்காரர்கள், சிவப்புச் சட்டை. எங்கள் ரைட் பேக் இடத்தில், கோலிக்கு முன்னால் வலது பக்கத்தைக் காக்கிற இடத்தில், இசக்கிராஜா நிற்கிறான், இருபத்திரண்டு வயது, மெலிந்த கால், முதல் பந்து வந்ததும் அவசரப்படாமல் நிறுத்தி, தலையை நிமிர்த்திப் பார்த்து, தள்ளிவிடுகிறான். சுத்தம். ஒரு பந்தை வைத்து ஒருத்தனை எடைபோடக்கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் எடைபோட்டுவிட்டேன். நல்ல ஆட்டக்காரன்.

அப்போதுதான் எபி படியேறி வருகிறான். எபனேசர், என் மகன், முப்பத்திரண்டு வயது, பதிமூன்று சீசனாக உதயத்துக்கு ரைட் பேக். ஆட்டம் நடக்கிற நேரத்தில் அவனைக் கட்டம்போட்ட சட்டையில் பார்ப்பது கண்ணுக்குப் பழகவில்லை, வேறு யாரோ வருகிற மாதிரி இருக்கிறது. இடது காலை முதலில் வைக்கிறான், பிறகு வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கிறான், அடுத்த படி, மறுபடி இடது கால். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்படித்தான், தரையில் தெரியாது, படியில் காட்டிக்கொடுத்துவிடும். வேறு எங்கேயாவது உட்கார்ந்துகொள், அந்தப் பக்கம் அத்தனை படி காலியாக இருக்கிறது, இங்கே வராதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டான். சுடலைமுத்து சட்டென்று தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறார், சாவு வீட்டில் சொந்தக்காரர்களுக்கு விடுகிற மாதிரி. எபி உட்கார்ந்து, காலை நீட்டி, “வெயில் மூஞ்சில அடிக்குதேப்பா, இங்கிட்டுத் தள்ளி வாங்க” என்கிறான். “பரவால்ல” என்கிறேன். அவனுக்குத் தெரியாது. குரலில் ஒன்றும் இல்லை. தெரிந்திருந்தால் வெயிலைப் பற்றிப் பேசுவானா? தெரியாதுதான். மகாராஜன் வாயைத் திறந்திருக்க மாட்டான், அவன் அந்த மாதிரி ஆள் இல்லை. இருந்தும் என் இடது தோள்பட்டை, எபி இருக்கிற பக்கத்துத் தோள்பட்டை, காய்ச்சல் வந்த மாதிரி கனக்கிறது. வழக்கமாக இந்நேரம் எழுந்து நின்று நாலு பேரையாவது திட்டியிருப்பேன். கீழ்ப்படியிலிருந்து யாரோ திரும்பி, “என்ன அண்ணாச்சி, இன்னைக்குச் சத்தத்தையே காணும்?” என்கிறான். “தொண்ட கட்டிருச்சு” என்கிறேன். எபி தன் பையைத் திறந்து ஒரு விக்ஸ் மிட்டாயை எடுத்து என் கையில் வைக்கிறான்.

எட்டயபுரத்துக்காரன் கோல் போட்டுவிட்டான். ஒன்பதாவது நிமிஷம். நடுவில் ஆள் இல்லை, நான் சொன்னேன் இல்லையா, தூணை உருவினால் கூரை நிற்குமா, செல்வின் இருக்க வேண்டிய இடம் அகலத் திறந்து கிடந்தது, அதன் வழியாக மூன்று பாஸில் உள்ளே வந்து அடித்துவிட்டான். இதில் இசக்கிராஜாமேல் தப்பு இல்லை. தப்பு இல்லை என்று தெரிந்தும் அவன்மேல் ஒரு தப்பாவது கிடைக்காதா என்று தேடுகிறேன். இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருக்கலாமோ, இல்லை, ஸ்டிக்கை முன்னாலேயே கீழே போட்டிருக்கலாமோ. எபியும் அதைத்தான் பார்க்கிறான் என்று நினைக்கிறேன், ஆனால் அவன், “அவன் என்ன செய்வான், நடுவுல ஆளே இல்லயே” என்கிறான், எனக்கா சுடலைமுத்துவுக்கா தனக்கேவா தெரியவில்லை. எபி இருந்திருந்தால்? எபி இருந்திருந்தாலும் அந்தக் கோல் விழுந்திருக்கும், இன்னும் ஒரு பாஸ் முன்னாலேயே விழுந்திருக்கும். மகாராஜனிடம் நான் இதைத்தான் சொன்னேன். ஒரே வார்த்தை என்று சொன்னேன் அல்லவா, ஒரே வார்த்தை இல்லை. ஏன் அண்ணாச்சி என்று கேட்டான், கேட்டால் பதில் சொல்ல வேண்டும் இல்லையா, கால் போயிருச்சு மகாராஜா, அவன நம்பி எறங்கினா ரெண்டாவது டிவிஷன்தான் என்றேன். உண்மையைச் சொன்னேன். கால் போனது பொய்யா? அது போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே மைதானம், அந்தக் கோல் போஸ்டுக்குப் பக்கத்தில், செமி ஃபைனலுக்கு முந்தின ஆட்டம். எபி திரும்பினான், திரும்பும்போதே விழுந்தான், காய்ந்த விறகை முறிக்கிற சத்தம் இந்த நாலாவது படி வரைக்கும் கேட்டது. எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். அவன் முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் நெற்றியை வைத்து இடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் என் மனதில் முதலில் வந்தது என்ன? இதை என் மனைவி ரூபாவிடம் சொன்னதில்லை, சர்ச்சில் முழங்காலில் நின்றபோதும் சொன்னதில்லை. செமி ஃபைனலுக்கு ரைட் பேக் யார்? அதுதான் முதலில் வந்தது. லெஃப்ட் பேக்கை மாற்றிப் போடலாமா, ரிசர்வில் யார் இருக்கிறான் என்று இரண்டு மூன்று பெயர்கள் மனதில் ஓடி முடிந்த பிறகுதான், ஐயோ என் பிள்ளை என்று ஒரு எண்ணம் வந்தது. எத்தனை நொடி இருக்கும்? மூன்று நொடி, நான்கு நொடி. நான்கு நொடி என் பிள்ளை அனாதையாகத் தரையில் கிடந்தான்.

ஆஃப் டைம். ஒன்றுக்குச் சைபர். சுடலைமுத்து வெற்றிலை துப்ப இறங்கிப் போய்விட்டார். எபி போனை எடுத்து அவன் அம்மாவோடு பேசுகிறான், “ஆமாம்மா, ஆஃப் டைம்தான், ஒரு கோல் வாங்கிட்டோம், ஒண்ணுமில்ல, அடிச்சிருவோம், நீ மாத்திர போட்டியா?” என்கிறான். ஆட்டத்தின் நடுவில் தரையில் நின்று பேசுகிற மாதிரி கொஞ்சம் மூச்சு வாங்கப் பேசுகிறான். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆகிறது. ரூபாவிடம் இவன் இன்னும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ரூபா முன்பெல்லாம் எங்களோடு இங்கே வருவாள், ஆட்டம் புரியாது, எபியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள், பந்து எங்கே போனாலும் அவள் தலை அந்தப் பக்கம் திரும்பாது. சர்க்கரை கண்ணுக்குப் போனதிலிருந்து வருவதில்லை, எதிரில் நிற்கிற ஆள் புகைக்குள் நிற்கிற மாதிரி தெரிகிறதாம். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் எப்படி ஆடுனான் என்பாள், நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவேன், அங்கே விட்டான், இங்கே விட்டான், பெனால்டி கார்னரில் லேட்டாக ஓடினான் என்று. என்னைக்காவது ஒரு நாள் நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன் என்பாள். நல்லது தானாகத் தெரியும், தப்பைத்தான் சொல்லித் திருத்த வேண்டும் என்பேன். மில்லில் அப்படித்தான், ஓடுகிற மெஷினை யார் திரும்பிப் பார்க்கிறார்கள், நின்ற மெஷினுக்குத்தான் ஃபிட்டர். அவனுக்குப் பத்தொன்பது வயதில் திருச்சியில் மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுத்தார்கள், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், எடுக்கவில்லை. திரும்பி வருகிற ரயிலில், ஜன்னல் ஓரம் அவன், எதிரில் நான், திண்டுக்கல் வருகிற வரைக்கும் முதல் பாதியில் செய்த தப்புகள், மதுரை வருகிற வரைக்கும் இரண்டாம் பாதியில் செய்த தப்புகள். அவன் வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தான். மதுரையில் வண்டி நின்றபோது திரும்பி, “நான் நல்லா ஆடுன எடம் ஒண்ணாவது இருந்துச்சாப்பா?” என்று கேட்டான். நான் யோசித்தேன். சத்தியமாக யோசித்துப் பார்த்தேன். “ரெண்டாம் பாதில நல்லா ஓடுன. ஆனா” என்று ஆரம்பித்தேன். அந்த ஆனாவோடு கோவில்பட்டி வந்து சேர்ந்தோம்.

மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் நன்றாகத்தான் ஆடுகிறார்கள், அதுதான் கொடுமை. பின்னால் கட்டுக்கோப்பாக இருக்கிறது, இசக்கிராஜா இரண்டு தடவை பந்தைப் பறித்து முன்னால் கொடுத்துவிட்டான், இரண்டு தடவையும் காலரி முழுக்கக் கை தட்டியது, எபியும் தட்டினான். என் கை மட்டும் மடியில் கிடக்கிறது. கைகளைப் பார்க்கிறேன், நரம்பு புடைத்துப்போய் யாருடைய கைகளோ போல இருக்கின்றன. மூன்றாவது கால் பகுதி முடியப்போகிற நேரம் செல்வின், அந்தச் செல்வின்தான், அவனை முன்னால் போட்டது தப்பு என்று நான் சொன்னேனே, அவன் கோலுக்கு முன்னால் இருக்கிற டி வளைவுக்குள் பந்தை வாங்குகிறான், ஒருத்தனை ஏமாற்றுகிறான், இன்னொருத்தன் வருவதற்குள் புரட்டிக் கோலுக்குள் தள்ளிவிடுகிறான். நான் எழுந்து நிற்கிறேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, இரண்டு கையும் மேலே இருக்கிறது, வாயிலிருந்து சத்தம் வருகிறது, உதயம் உதயம் என்று, கட்டிப்போன தொண்டை என்று சொன்னேனே அந்தத் தொண்டையிலிருந்து. கீழே பார்க்கிறேன். எபி உட்கார்ந்தபடியே கை தட்டிக்கொண்டு என்னை அண்ணாந்து பார்க்கிறான். சிரிக்கிறான். நான் மெதுவாக உட்கார்கிறேன். ஒன்றுக்கு ஒன்று. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவன் ஏன் சிரித்தான்? அப்பா சந்தோஷப்படுகிறார் என்றா? வேறு மாதிரியா? மகாராஜனோடு பேசியது மறுபடியும் வந்து நிற்கிறது. மாத்திரு என்றேன். கால் போயிருச்சு என்றேன். அதோடு முடிந்ததா? முடியவில்லை. அதற்கு மேலும் ஒன்று சொன்னேன். மகாராஜன் தயங்கினான், எபி சீனியர் ஆச்சே அண்ணாச்சி, பையங்க என்ன நெனைப்பாங்க என்றான். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான், அதற்காகத்தான் சொன்னேன், வேறு எதற்கும் இல்லை, எபி திரும்புததுக்குள்ள பந்து சாத்தூரத் தாண்டிரும்லடே என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். நன்றாக, வாய்விட்டு, நாலாவது படியில் உட்கார்ந்து நக்கல் அடிக்கும்போது சிரிக்கிற சிரிப்பு. அந்தப் பக்கத்திலும் சிரிப்புக் கேட்டது. மகாராஜன் ஒருத்தனுடைய சிரிப்பு இல்லை அது. இப்போது நினைத்தால், ஒருத்தன் அவ்வளவு பெரிதாகச் சிரிக்க முடியாது.

கடைசிக் கால் பகுதி தொடங்குவதற்கு முன்னால் இரண்டு நிமிஷ இடைவெளி. இப்போது சொல்லாவிட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரிகிறது. சுடலைமுத்து வேறு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார். “எபி” என்கிறேன். “ம்” என்கிறான், மைதானத்தைப் பார்த்துக்கொண்டே. “நேத்து மகாராஜன் எனக்குப் போன் பண்ணுனான்.” “தெரியும்ப்பா” என்கிறான். தெரியும்ப்பா. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற குரல். “ஒனக்கு யாரு சொன்னா?” “யாரும் சொல்லல. நானும் கிளப் ரூம்லதான் இருந்தேன். ஜெர்சி பிரிச்சுக் கொடுத்துக்கிட்டிருந்தோம். அவரு போனு கீழ விழுந்ததுல இருந்து காதுல வச்சாக் கேக்காது, ஸ்பீக்கர்லதான் போட்டுப் பேசுவாரு.” விக்ஸ் மிட்டாய் கையிலேயே இருக்கிறது, காகிதம் வியர்வையில் நனைந்து பிசுபிசுக்கிறது. “எல்லாரும் இருந்தாங்களா?” என்கிறேன். “எல்லாரும்தான்.” அப்புறம் அவனே, “நீங்க சொன்னது சரிதாம்ப்பா. மாத்தத்தான் செய்யணும். ரெண்டு வாரமா நானே கோச்சுகிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்” என்கிறான். நான் தலையை ஆட்டுகிறேன், எதற்கு ஆட்டுகிறேன் என்று தெரியவில்லை. “சாத்தூரு வெசயம் சொன்னீங்கள்ல. பயலுவ எல்லாரும் சிரிச்சானுவ.” அவன் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறான். “நானும் சிரிச்சேன். அவனுவ முன்னால சிரிக்காம எப்படிப்பா இருக்க.” விசில் ஊதுகிறார்கள். அவன் மறுபடி மைதானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். கோபமாக இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எங்களுக்குத் தெரிந்த பேச்சு அதுதான். சிரிச்சேன் என்கிறவனிடம் என்ன பேசுவது? ஜெர்சியைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் அவனைவிடப் பத்து வயது சின்னப் பையன்கள், நடு மேஜையில் போன், போனிலிருந்து என் குரல். அந்த அறையை எனக்குத் தெரியும், பச்சைப் பெயின்ட் அடித்த சுவர், ஒரே ஒரு ஜன்னல். அவன் எங்கே நின்றிருப்பான்? ஜன்னல் பக்கம் நின்றிருப்பான். திரும்பிக்கொள்ள ஜன்னலாவது இருந்திருக்கும்.

பிறகு நடந்த ஆட்டத்தை நான் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், கண் திறந்துதான் இருந்தது. எங்களுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது, கோல் ஆனது, இரண்டுக்கு ஒன்று, காலரி எழுந்தது, நான் எழவில்லை. கடைசி நிமிஷத்தில் எட்டயபுரத்துக்கு ஒரு பெனால்டி கார்னர். புதுக் கோலியைத் தாண்டிப் பந்து போய்விட்டது, தோற்கவில்லை என்றாலும் டிரா, டிரா ஆனாலும் கீழே இறங்கிவிடுவோம், அவ்வளவுதான் என்று சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டார், கோட்டின்மேல் இசக்கிராஜா நின்றான், ஒரே திருப்பில் உடம்பை வளைத்து, ஸ்டிக்கைக் குறுக்கே போட்டு, பந்தை வெளியே தட்டிவிட்டான். விசில். முடிந்தது. ஜெயித்துவிட்டோம். காலரியில் துண்டு பறக்கிறது. சுடலைமுத்து என்னைக் கட்டிப்பிடிக்கிறார், “முதல் டிவிஷன் அண்ணாச்சி, முதல் டிவிஷன்!” என்கிறார். அந்தப் பந்தை எபி எடுத்திருக்க மாட்டான். அந்தத் திருப்பு அவன் முழங்காலில் இல்லை. அவன் ஆடியிருந்தால் இந்நேரம் நாங்கள் இறங்கியிருப்போம், அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். முப்பது வருஷமாக இந்தப் படியில் உட்கார்ந்து நான் சொன்ன கருத்துகளில் இதைப் போலச் சரியானது ஒன்று இல்லை. எபி எழுந்து, “நல்லா ஆடுதாம்ப்பா இந்தப் பய” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறான். “நான் கீழ போயி எல்லாருக்கும் கை கொடுத்துட்டு வாரேன். நீங்க வீட்டுக்குப் போங்க.” இரண்டு படி இறங்கியவன் நின்று திரும்புகிறான். “அப்பா, நான் ஆடலன்னு அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம். நாளைக்கு மதுரைல கண்ணுல ஊசி போடணும். பிரஷர் ஏறிருச்சுன்னா போட மாட்டாங்க. ஊசி முடியட்டும், நானே சொல்லிக்கிடுதேன்.” “கேப்பாளேடா” என்கிறேன். “கேட்டா எதையாச்சும் சொல்லுங்க” என்கிறான், “வழக்கமாச் சொல்லுவீங்கள்ல, அது மாதிரி நாலு தப்புச் சொல்லுங்க. நம்பிருவா.” இறங்கிப் போகிறான், இடது காலை முதலில் வைத்து, வலது காலைப் பக்கத்தில் சேர்த்து. கீழே போனதும் பையன்கள் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். இசக்கிராஜா குனிந்து அவன் காலைத் தொடப் பார்க்கிறான், எபி அவன் கையைப் பிடித்துத் தூக்கி, தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுகிறான். ஒருத்தனைத் தட்டிக்கொடுப்பது அவ்வளவு சுலபமா? அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நான் இல்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நாலு தப்பை யோசித்துக்கொண்டு வருகிறேன். எனக்கா தப்புக்குப் பஞ்சம்? ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆடாதவனுக்கு என்ன தப்பைச் சொல்வது? மார்க்கெட் ரோட்டில் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறான், நடுரோட்டில் நடந்துகொண்டிருந்திருக்கிறேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ரூபா வாசல் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், விரலால் தடவித்தான் தண்டையும் இலையையும் பிரிக்கிறாள். செருப்புச் சத்தத்தில் கண்டுபிடித்துவிட்டு, “வந்துட்டீங்களா? ஜெயிச்சாச்சாமே, பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எப்படி ஆடுனான்?” என்கிறாள். நான் செருப்பைக் கழற்றுகிறேன். பெனால்டி கார்னரில் லேட்டாக ஓடினான் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். “நல்லா ஆடுனான்” என்கிறேன். கீரையை ஆய்ந்துகொண்டிருந்த அவள் கை நிற்கிறது. “கடைசி நிமிஷத்துல ஒரு பந்து, கோலி விட்டுட்டான், நம்ம எபி கோட்டு மேல நின்னு எடுத்தான்” என்கிறேன், அது இசக்கிராஜாவின் பந்து, சொல்லி முடித்ததும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்கிறேன். உட்கார்ந்ததும் வருகிறது. எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை, “ஒருத்தன் டி-க்குள்ள அடிச்ச பந்து, நெஞ்சுல வாங்குனான், நெஞ்சுல வாங்கிட்டுக் கீழ விழாம நின்னான்” என்கிறேன், அது எட்டு வருஷத்துக்கு முன்னால் விருதுநகரில். “எதிராளி ஒருத்தன் விழுந்துட்டான், எல்லாரும் பந்துக்குப் பின்னால ஓடுறானுவ, இவன் மட்டும் நின்னு கையக் கொடுத்துத் தூக்கிவிட்டான்” என்கிறேன், அது எந்த வருஷம் என்றுகூட நினைவில்லை, அன்றைக்கு இதே வாயால் அதற்காகத்தான் அவனைத் திட்டினேன். “அவன் பந்த நிறுத்துதது இருக்கே ரூபா, சத்தமே வராது. தூங்குற பிள்ளையத் தொட்டில்ல போடுத மாதிரி நிறுத்துவான். பதிமூணு வருசமாப் பாக்கேன், அது மாதிரி நிறுத்த இந்த ஊர்ல ஆளு கெடையாது. திருச்சில கூட அன்னைக்கு ரெண்டாம் பாதில ஒண்ணு நிறுத்துனான். நான் பாத்தேன். எனக்குத் தெரியும், நான் பாத்தேன்.” குரல் உடைந்துவிட்டது, நிறுத்திக்கொள்கிறேன். திருச்சியை எதற்கு இழுத்தேன், இன்றைக்கு நடந்த ஆட்டத்தில் திருச்சி எங்கே வந்தது என்று இவள் கேட்கப்போகிறாள். ரூபா கேட்கவில்லை. கீரைத் தட்டை இறக்கி வைத்துவிட்டு, கையை நீட்டித் தடவி என் தோளைக் கண்டுபிடிக்கிறாள். புகைக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி, என் முகம் இருக்கிற திசையைக் கூர்ந்து பார்க்கிறாள்.

“இதையெல்லாம் அவன்கிட்டச் சொன்னீங்களா?” என்கிறாள்.